கார்பன் டாட் ஃபிலிம் சாயங்காலம் ஒளிருது, காலைல செத்துப்போகுது: நம்மூர் ஈரத்துல பாஸ்பரசன்ஸ் நிக்குமா?

உட்லண்ட்ஸ்_வாசு (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்க லேப் ஆளுங்க கொஞ்ச பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் தைரியமா கேக்குறேன். நான் சிங்கப்பூர்ல ஒரு லேப்ல ரிசர்ச் அசிஸ்டென்ட், எந்த இடம்னு வேணாம். ரூம் டெம்பரேச்சர்லயே பாஸ்பரசன்ஸ் (விளக்க அணைச்சப்புறமும் நிக்கிற ஒளி) குடுக்குற கார்பன் டாட், அதாவது சில நானோமீட்டர் சைஸ் கார்பன் துகள், பண்ணிட்டு இருக்கோம். சிட்ரிக் ஆசிட், எத்திலீன்டைஅமீன், டெஃப்லான் உறை போட்ட ஆட்டோக்ளேவ் (அழுத்த பாத்திரம்), 200 டிகிரி, அப்புறம் டயாலிசிஸ் (சவ்வு பையில வச்சு சின்ன மாலிக்யூல்கள தண்ணில வெளியேத்துறது), எல்லாம் வழக்கமான ரூட்தான். வர்ற கரைசல பிவிஏங்கிற தண்ணில கரையுற பிளாஸ்டிக்ல கலந்து பெட்ரி டிஷ்ல ஊத்தி காயவச்சா தெளிவா ஒரு ஃபிலிம் உரிஞ்சு வரும்.

365 நானோமீட்டர் டார்ச்ச அடிச்சு அணைச்சா பச்சையா நாலஞ்சு செகண்டு நிக்குது. சாயங்காலம் பாஸ்கிட்ட காமிச்சேன், அவருக்கு ஒரே குஷி. மறுநாள் காலைல அதே ஃபிலிம் அதே டார்ச், ஒண்ணுமே இல்ல. டார்ச் எரியுறப்ப வர்ற நீல வெளிச்சம் அப்படியே இருக்கு, அணைச்சவுடனே இருட்டு. ஃபிலிம் பெஞ்சு மேல மூடாம கிடந்துச்சு, எங்க பில்டிங்ல ராத்திரி ஏர்கான் ஓடாது, அத சொல்லிடுறேன். பேப்பர்ல பாத்தா எல்லாரும் ஸ்டேபிள் ஸ்டேபிள்னு போட்டுருக்காங்க, மாசக்கணக்கா நிக்குதாம். எங்கள்து மட்டும் ஏன் ஒரு ராத்திரி தாங்கல?

குறும்பு_கோப்பிஓ

காலைல யாருக்குத்தான் ப்ரோ வெளிச்சமா இருக்கு. ஒரு கோப்பி குடுத்து பாருங்க.

செங்காங்_கெமிஸ்ட்

வாசு தம்பி, நீலம் அப்படியே இருக்கு பச்சை மட்டும் போச்சுன்னு சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. டாட் சாகல. சுத்தி இருக்குற பிவிஏதான் இளகிப்போச்சு. முதல்ல ஒண்ணு பண்ணு, அதே ஃபிலிம வேக்கம் அவன்ல 60 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம் போடு, வெளிய எடுத்தவுடனே பாரு. பச்சை திரும்பி வந்தா தண்ணிதான் காரணம். வரலன்னா உன் டார்ச்சுதான் அத பொசுக்கிடுச்சு, அதாவது யூவில ப்ளீச் ஆயிடுச்சு, அது வேற வைத்தியம்.

தோபாயோ_தேவி

மன்னிக்கணும், நான் செகண்டரி ஸ்கூல்ல சயின்ஸ் சொல்லித்தர்றவ, இந்த இழைய பாத்ததும் ஆர்வமாயிடுச்சு. பிள்ளைங்களுக்கு ஃப்ளோரசன்ஸ் பாஸ்பரசன்ஸ் வித்தியாசம் சொல்றப்ப ஒண்ணு உடனே போகும் ஒண்ணு நிக்கும்னு சொல்லிட்டு நகந்துடுவேன். ஏன் நிக்குதுன்னு யாராச்சும் தெளிவா சொல்லுங்களேன். அப்புறம் தண்ணி பட்டா ஏன் போகணும்?

ஈசூன்_எலெக்ட்ரான்

டீச்சர், நான் சொல்றேன், இதுதான் என் பொழப்பு.

ஒரு மாலிக்யூல் வெளிச்சத்த வாங்கினதும் எலெக்ட்ரான் ஒண்ணு மேல் நிலைக்கு போகுது. போறப்ப அதோட ஸ்பின் (எலெக்ட்ரானோட ஒரு காந்த குணம்) மாறாது, அது சிங்க்லெட் நிலை. அங்கேருந்து நேரா கீழ இறங்கினா ஃப்ளோரசன்ஸ், நானோ செகண்டுல முடிஞ்சிடும். ஆனா சில சமயம் மேலயே இருக்கும்போது ஸ்பின் திரும்பிடும், ட்ரிப்லெட் நிலைக்கு போயிடும். ட்ரிப்லெட்லேருந்து கீழ வர குவாண்டம் விதி சுலபமா விடாது. எம்ஆர்டில உள்ள நுழைஞ்சப்ப ஒரு கார்டு, வெளிய போறப்ப வேற கார்டு தட்டுனா கேட் திறக்காது பாருங்க, அப்படி ஸ்டேஷனுக்குள்ளயே நிக்குது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிய விடுவாங்க, மில்லி செகண்டுலேருந்து பல செகண்டு வரைக்கும். அந்த மெதுவான கசிவுதான் பாஸ்பரசன்ஸ்.

இது ட்ரிப்லெட் நிலைதான்னு 1944ல லூயிஸும் காஷாவும் பெர்க்லில அடிச்சு சொன்னாங்க. அப்பல்லாம் இத பாக்கணும்னா திரவ நைட்ரஜன்ல உறைய வைப்பாங்க, மைனஸ் 196 டிகிரி. ஏன்னா அவ்ளோ நேரம் மேல நிக்கிற எலெக்ட்ரானுக்கு எதிரி ரெண்டு. ஒண்ணு மாலிக்யூலோட ஆட்டம், ஆடி ஆடியே சக்தி சூடா போயிடும், வெளிச்சமா வராது. இன்னொண்ணு ஆக்சிஜன். ஆக்சிஜன் மாலிக்யூல் சாதாரணமாவே ட்ரிப்லெட், அதனால பக்கத்துல வந்தாலே சக்திய பிடுங்கிக்கிட்டு சிங்க்லெட் ஆக்சிஜனா மாறிடும். நைட்ரஜன்ல உறைய வச்சா ஆட்டமும் நிக்கும், ஆக்சிஜனும் நகராது. ரூம் டெம்பரேச்சர்ல அத சாதிக்கிறதுதான் இந்த ஃபீல்டே. மத்ததெல்லாம் அலங்காரம்.

பிவிஏ உள்ள வர்றது இங்கதான். அதுல ஹைட்ராக்சில் (OH குரூப்) நிறைய, டாட் மேல இருக்குற குரூப்புங்களோட ஹைட்ரஜன் பாண்டு போட்டு இறுக்கி பிடிச்சுக்கும். காஞ்ச பிவிஏ ஆக்சிஜன நல்லாவே தடுக்கும். ஈரம் ஏறுனா ரெண்டும் போச்சு. தண்ணி அந்த பாண்டுக்கு நடுவுல புகுந்து பிளாஸ்டிக்க இளக்கும், இளகின பிளாஸ்டிக்குள்ள ஆக்சிஜனும் உள்ள வந்துடும். காஞ்ச பிவிஏ 85 டிகிரி கிட்ட போனாத்தான் இளகும், ஈரமானா அந்த அளவு சரசரன்னு கீழ இறங்கிடும்.

நம்ம ஊர்ல விடியறதுக்கு முன்னாடி ஈரப்பதம் 90 சதவீதம் தாண்டும், மழை இல்லாத நாள்ல மதியம் 60 கிட்ட வரும். வாசு, நீ சாயங்காலம் பாத்தது ஏர்கான் ரூம்ல, அதுவும் புதுசா காஞ்ச ஃபிலிம். காலைல பாத்தது ராத்திரி முழுக்க தண்ணி குடிச்ச ஃபிலிம்.

தோபாயோ_தேவி

எம்ஆர்டி கேட்! நாளைக்கே கிளாஸ்ல சொல்லப்போறேன். நன்றி தம்பி.

பழைய_போட்கீ

நான் பழைய ஆளு, ஃபேக்டரில காலம் தள்ளினவன். ஒரு கேள்வி கேட்டா கோச்சுக்காதீங்க. இவ்வளவு பாடு எதுக்கு? ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டுன்னு ஒரு பவுடர் இருக்கு, ராத்திரி முழுக்க பச்சையா எரியும். 2017ல ரயில் காரிடார்ல 100 மீட்டர் தூரத்துக்கு அத போட்டு சோதனை பாத்தாங்களே, பகல்ல வெயில் வாங்கி ராத்திரி ஒளிர்ற பாதை. மழைலயும் கிடந்துச்சு வெயில்லயும் கிடந்துச்சு. உங்க கார்பன் டாட்டு நாலு செகண்டு நின்னுட்டு காலைல படுத்துக்குது. அரசாங்க காசு, அவ்வளவுதான் சொல்லுவேன்.

லூம்_பைத்தியம்

அங்கிள் சொல்றதுல நியாயம் இருக்கு. வாட்ச் பக்கம் எங்களுக்கு இதான் தெய்வம். முன்னாடி ரேடியம் பெயின்ட், அப்புறம் ட்ரிடியம், அதுக்கு அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம், பழைய வாட்செல்லாம் மங்கிப்போனது அதனாலதான். கதிரியக்கம் இல்லாத ஜிங்க் சல்ஃபைடும் இருந்துச்சு, ஆனா அது அரை மணி நேரத்துல அழுது வடியும். ஜப்பான்ல நெமோட்டோ கம்பெனி ஆளுங்க 1990கள்ல ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்ல யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேத்து விட்டாங்க, 1996ல பேப்பர் வந்துச்சு, மொத்த ஆட்டமும் மாறிடுச்சு. என்எஸ்ல (தேசிய சேவை) காட்டுக்குள்ள ராத்திரி அவுட்ஃபீல்டுல கைய பொத்திக்கிட்டு மணி பாத்தவனுக்குத்தான் அந்த பச்சையோட அருமை தெரியும்.

செங்காங்_கெமிஸ்ட்

போட்கீ அண்ணே, கோச்சுக்கல, ஆனா ரெண்டும் ஒரே ஜாதி இல்ல.

ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்ல நடக்குறது ட்ரிப்லெட் விஷயமே இல்ல. யூரோப்பியம் வெளிச்சத்த வாங்கும், கிளம்புன சார்ஜ் படிகத்துல இருக்குற குழிகள்ல மாட்டிக்கும், அறை வெப்பத்துல மெல்ல மெல்ல வெளிய வந்து திரும்ப யூரோப்பியத்துக்கிட்ட போய் 520 நானோமீட்டர்ல பச்சையா வரும். மணிக்கணக்கா நிக்கிறது அதனாலதான். பாதைக்கும் வாட்சுக்கும் வெளியேறும் வழி ஸ்டிக்கருக்கும் அத மிஞ்ச இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, நானும் ஒத்துக்குறேன்.

ஆனா அத நானோவா பண்ண சொல்லுங்க பாப்போம். 1300 டிகிரிக்கு மேல சூளைல வெந்து வர்ற கட்டி அது. அரைச்சா வெளிச்சம் விழுந்துடும், ஏன்னா உடைஞ்ச மேற்பரப்பு பூரா ஓட்டை உடைசல், அங்கயே சக்தி செத்துடும். அதுக்கு மேல தண்ணி பட்டா அதுவும் சிதையும் அண்ணே, அந்த ரயில் பாதைல போட்டது ரெசின்லயோ கோட்டிங்லயோ பொதிஞ்சு வந்த மைக்ரான் கணக்கு துகள், வெறும் பவுடர் இல்ல. நாங்க கோட்டிங் வேலைல தண்ணி பெயின்ட்ல கோட் பண்ணாத பவுடர போட்டு பாத்துருக்கோம், டின்னுக்குள்ளயே கெட்டியாகி கல்லாயிடும்.

அப்ப ரத்தத்துல ஓடுற அளவுக்கு சின்ன துகள் வேணும்னாலோ, பிரிண்டர் மைல அடைச்சிக்காம போகணும்னாலோ, அரிய மண் உலோகம் இல்லாம வேணும்னாலோ அங்கதான் இந்த கார்பன் டாட்டு, ஆர்கானிக் நானோ துகள்லாம் வருது. எல்லாத்துக்கும் மணிக்கணக்குல ஒளிரணும்னு அவசியம் இல்ல.

ஈசூன்_எலெக்ட்ரான்

அக்கா சொன்னதோட ஒண்ணு. உடம்புக்குள்ள படம் எடுக்குறப்ப பெரிய தொல்லை, வெளிச்சம் அடிச்சா நம்ம தசை, ரத்தம், சாப்பாட்டு மிச்சம் எல்லாமே கூட ஒளிரும். அது நானோ செகண்டுல செத்துடும். விளக்க அணைச்சிட்டு கொஞ்சம் பொறுத்து கேமராவ திறந்தா மிச்சம் நிக்கிறது நம்ம துகள் மட்டும்தான். அதுக்கு அரை செகண்டு போதும் அங்கிள், ராத்திரி முழுக்க வேணாம்.

இது நம்ம ஊர்லயே நடந்த வேலை. என்டியுல (நன்யாங் தொழில்நுட்ப பல்கலைக்கழகம்) கான்யி பூ குழு 2017ல தண்ணில கலக்குற ஆர்கானிக் பாஸ்பரசன்ஸ் நானோ துகள்கள உயிருள்ள எலில காமிச்சாங்க. அதுக்கு முன்னாடி 2015ல நான்ஜிங் ஆளுங்களும் என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம்) ஆளுங்களும் சேர்ந்து நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழ்ல போட்டது, உலோகமே இல்லாத ஆர்கானிக் படிகத்துல 1.35 செகண்டு ஆயுள். அதுக்கப்புறம்தான் எல்லாரும் இதுல குதிச்சாங்க.

கவனிக்க வேண்டியது என்னன்னா படிகத்துல நிக்கிறது நானோவாக்குனா குறையும். துகள் சின்னதாக ஆக மேற்பரப்பு கூடும், மேற்பரப்புல இருக்குற மாலிக்யூலுக்கு பிடிப்பு கம்மி, ஆக்சிஜனும் பக்கம். நானோன்னு சொன்னாலே கூடுதல் விசேஷம்னு நெனைக்கிறாங்க, இந்த விஷயத்துல நானோன்னா கூடுதல் தலைவலி.

பழைய_போட்கீ

சரிப்பா, எலிக்குள்ள ரயில் பாதை போட முடியாது. அரசாங்க காசுன்னு சொன்னத வாபஸ் வாங்குறேன். ஆனா ஸ்டேபிள்னு பேப்பர்ல போடுறானுங்களே, அத வாபஸ் வாங்க மாட்டேன், அதுல ஏதோ கோல்மால் இருக்கு.

செங்காங்_கெமிஸ்ட்

அதுல நான் உங்க கட்சி அண்ணே. ஸ்டேபிள்னு எழுதுனா நான் முதல்ல தேடுறது எதுல ஸ்டேபிள்ங்கிறதத்தான். வறண்ட ஊர் லேப்ல, குளிர்காலத்துல, ஹீட்டர் ஓடுற ரூம்ல, மூடுன டப்பால மூணு மாசம் நின்னுச்சுன்னா அது ஸ்டேபிள் இல்ல, மூடுன டப்பா. ஈரப்பதம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை இருக்காது. என்னைக் கேட்டா இந்த ஃபீல்டு பேப்பர் எல்லாத்தையும் நம்ம ஊர்ல ஒரு ராத்திரி வாய்டு டெக்ல (அடுக்குமாடிக்கு கீழ இருக்குற திறந்த தளம்) வச்சு பாத்துட்டுத்தான் அச்சடிக்கணும்.

குறும்பு_கோப்பிஓ

வாய்டு டெக்ல வச்சா ஈரம் வேணாம், பூனை எடுத்துட்டு போயிடும்.

மரீன்பரேட்_மணி

நான் வீட்லயே யூரியாவும் சிட்ரிக் ஆசிடும் மைக்ரோவேவ்ல வச்சு பண்ணலாம்னு வீடியோ பாத்தேன். வீக்கெண்டு ட்ரை பண்ணவா? டார்ச் ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சு.

செங்காங்_கெமிஸ்ட்

சமைக்கிற மைக்ரோவேவ்ல கூடவே கூடாது மணி. அம்மோனியா வரும், என்னென்னமோ வரும், எச்டிபி அடுக்குமாடி கிச்சன்ல புகைய இழுக்குற ஃப்யூம் ஹூட் ஏது. டார்ச்சும் ஜாக்கிரதை, 365ங்கிறது கண்ணுக்கு மங்கலா தெரியும், மங்கலா இருக்குன்னு உத்து பாத்துட்டே இருப்பீங்க, கண்ணு போயிடும். யூவி கண்ணாடி போட்டுக்கிட்டு பழைய வாட்ச், ரூபா நோட்டு, டானிக் வாட்டர் இதுல அடிச்சு விளையாடுங்க, போதும்.

லூம்_பைத்தியம்

நானும் என் டார்ச்ச எடுத்து வீட்ல இருக்குறதுல எல்லாம் அடிச்சேன். டிஷ்யூ பேப்பர், வெள்ளை கார்டு ரெண்டுலயும் அணைச்சப்புறம் ஒரு கண் சிமிட்டுற நேரம் ஏதோ நிக்கிற மாதிரி இருக்கு. கண்ணு ஏமாத்துதா?

ஈசூன்_எலெக்ட்ரான்

ஏமாத்தல ப்ரோ! செல்லுலோஸே லேசா ரூம் டெம்பரேச்சர் பாஸ்பரசன்ஸ் குடுக்கும், ஸ்டார்ச்சும் குடுக்கும். ஃபில்டர் பேப்பர்ல சாயத்த உறிஞ்ச வச்சு காயவச்சு பாஸ்பரசன்ஸ் அளக்குறது 1970கள்லயே ஒரு தனி கலை. கார்பன் டாட்டெல்லாம் 2004க்கு அப்புறம்தான்.

வாசு, இது உனக்கும் சேத்துதான். வெறும் பிவிஏ ஃபிலிம் ஒண்ணு, டாட் போடாம, அதே டிஷ்ல அதே மாதிரி காயவச்சு அளந்தியா? பல பேர் இப்படி டாட் இல்லாத ப்ளாங்க் போடாம மேட்ரிக்ஸ், அதாவது சுத்தி இருக்குற பிளாஸ்டிக், ஒளிர்றத டாட்டு ஒளிருதுன்னு எழுதிட்டு போயிடுறாங்க.

உட்லண்ட்ஸ்_வாசு

ப்ளாங்க் இருக்கு ப்ரோ, ரொம்ப லேசா நீலமா ஏதோ வருது, பச்சை இல்ல. அது பரவால்ல.

அப்புறம் கெமிஸ்ட் அக்கா சொன்னத பண்ணேன். வேக்கம் அவன்ல போட்டு எடுத்து சூடா இருக்குறப்பவே டார்ச் அடிச்சேன், மங்கலா இருந்துச்சு, மனசு உடஞ்சுபோச்சு. டெசிக்கேட்டர்ல (ஈரம் இல்லாம மூடுன டப்பா) ஆற வச்சுட்டு திரும்ப அடிச்சா பச்சை வந்துடுச்சு அக்கா!! அப்புறம் ஃபிலிம் ஓரத்துல வாயால ஊதினேன். மூச்சு பட்ட இடம் மட்டும் இருட்டா ஒரு திட்டு, சுத்தி பச்சை. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த திட்டும் நிரம்பிடுச்சு. லேப்ல எல்லாரும் வந்து ஊதி பாத்துட்டு போறாங்க.

செங்காங்_கெமிஸ்ட்

சபாஷ். சூடா இருக்கும்போது மங்கினதும் சரிதான், சூட்டுல ஆட்டம் கூடும். அந்த ஊதின திட்ட போட்டோ எடுத்து வை, அதுவே ஒரு ஹ்யூமிடிட்டி சென்சார், உன் பாஸ் அதையே ஒரு பேப்பராக்கிடுவாரு.

ஈசூன்_எலெக்ட்ரான்

ஒண்ணு செக் பண்ணிக்கோ வாசு, சூட்டுல மங்குறது குளிர்ல கூடுறதான்னு. திரவ நைட்ரஜன் டப்பா கிடைச்சா 77 கெல்வின்ல, அதே மைனஸ் 196 டிகிரில, ஒரு தடவ அள. குளிர்ல பச்சை கூடுனா அது உண்மையான பாஸ்பரசன்ஸ். குளிர்ல குறைஞ்சா அது தெர்மல் டிலேய்டு ஃப்ளோரசன்ஸ், ட்ரிப்லெட்லேருந்து சூட்டால திரும்ப சிங்க்லெட்டுக்கு ஏறி வர்றது. உனக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கு, பாஸ்பரசன்ஸாத்தான் இருக்கும், ஆனா பேப்பர பரிசீலிக்கிற ரெஃபரீ கேப்பான்.

அப்புறம் நாலஞ்சு செகண்டு நிக்குதுன்னு எழுதாத. கண்ணு பாக்குற நேரமும் ஆயுளும் வேற வேற. ஆயுள்னா 37 சதவீதத்துக்கு இறங்குற நேரம். ஆயுள் 1 செகண்டுன்னா 5 செகண்டுல 1 சதவீதத்துக்கும் கீழ போயிடும், ஆனா இருட்டுக்கு பழகின கண்ணு அதையும் பிடிக்கும். போன் வீடியோ எடுக்குறதா இருந்தா ஒரு ஃப்ரேம் 33 மில்லி செகண்டு, ஆட்டோ எக்ஸ்போஷர ஆஃப் பண்ணலன்னா போனே வெளிச்சத்த ஏத்தி ஏத்தி பொய் சொல்லும். பிரகாசமும் வேற கணக்கு. ஆயுள் ரெண்டு செகண்டு, குவாண்டம் யீல்டு (உறிஞ்சுன வெளிச்சத்துல திரும்ப ஒளியா வர்ற பங்கு) ஒரு சதவீதம்னா அது நீளமா நிக்கிற இருட்டு, அவ்வளவுதான்.

பழைய_போட்கீ

நீளமா நிக்கிற இருட்டு! அத நான் எழுதி வச்சுக்குறேன்.

உட்லண்ட்ஸ்_வாசு

அடுத்து என்ன பண்ணலாம்? பாஸ் போரிக் ஆசிட்ல போடலாம்ங்கிறாரு. கூட்டாளி ஒருத்தன் சிலிக்காங்கிறான்.

செங்காங்_கெமிஸ்ட்

போரிக் ஆசிட் பாக்க பிரமாதமா இருக்கும். டாட்டோட சேத்து சூடு பண்ணா தண்ணி விட்டு விட்டு கடைசில போரான் ஆக்சைடு கிளாஸா இறுகும், ஆட்டத்துக்கு இடமே இல்ல. லூயிஸ் காலத்துலயே போரிக் ஆசிட் கிளாஸ்ல சாயத்த போட்டுத்தான் ரூம் டெம்பரேச்சர்ல பாத்தாங்க, பழைய டெக்னிக். பிரகாசமும் வரும் ஆயுளும் வரும். ஆனா போரான் ஆக்சைடு தண்ணிய இழுக்கும் தம்பி. இங்க திறந்து வச்சா மேல வெள்ளை பூத்துடும், திரும்ப போரிக் ஆசிடாகிடும். டெமோ காட்ட நல்லா இருக்கும், பொருளா விக்க ஆகாது.

என் ஓட்டு சிலிக்காவுக்கு. ஆல்கஹால்ல அம்மோனியா, டிஇஓஎஸ் (சிலிக்காவா மாறுற திரவம்), ஸ்டோபர் ரூட்டு, 1968லேருந்து எல்லாரும் பண்றது. வெறுமனே மேல போர்த்துறதோட நிக்காம டாட்டுல இருக்குற குரூப்ப சிலிக்காவோட கோவேலன்ட்டா (எலெக்ட்ரான பகிர்ந்து பலமா) பிணைக்கணும், அப்பதான் தண்ணி வந்தாலும் பிடி விடாது. ஹைட்ரஜன் பாண்டுல நிக்கிறது எல்லாமே தண்ணிகிட்ட தோத்துடும், தண்ணியே ஒரு ஹைட்ரஜன் பாண்டு ஆசாமி. சிலிக்காவுக்குள்ள இறுக்கி தண்ணிக்குள்ளயே பாஸ்பரசன்ஸ் காமிச்ச குழுக்கள் இருக்காங்க, நடக்காத காரியம் இல்ல. ஆனா ஸ்டோபர் சிலிக்கா பொட பொடன்னு துளை உள்ளது, அப்படியே விட்டா ஆக்சிஜன் உள்ள வரும். சூளைல சூடு பண்ணி அடர்த்தியாக்கணும், ரொம்ப சூடு பண்ணா டாட்டே எரிஞ்சுடும். அந்த ரெண்டுக்கும் நடுவுல உன் டெம்பரேச்சர கண்டுபிடிக்கிறதுதான் உன் ப்ராஜெக்டு. அங்கதான் ரெண்டு மூணு மாசம் போகும், சொல்லிட்டேன்.

ஈசூன்_எலெக்ட்ரான்

ஆக்சிஜன எதிரியாவே பாக்காம பயன்படுத்துனவங்களும் இருக்காங்க. 2019ல ட்ரெஸ்டன்ல ரைனெக் குழு, பிஎம்எம்ஏங்கிற பிளாஸ்டிக்ல ஆர்கானிக் சாயத்த கலந்து மேல ஆக்சிஜன் தடுப்பு படலம் ஒண்ணு போட்டாங்க. யூவி அடிக்க அடிக்க உள்ள மாட்டுன ஆக்சிஜன் தீர்ந்து போகும், தீர்ந்த இடம் மட்டும் ஒளிரும். மாஸ்க் வச்சு அடிச்சா எழுத்து வரும், இன்ஃப்ராரெட்ல சூடு பண்ணா படலம் வழியா ஆக்சிஜன் திரும்ப உள்ள போய் அழிஞ்சிடும். எழுதி அழிச்சு எழுதுற லேபிள். நான் பாத்ததுலயே புத்திசாலித்தனமான வேலை.

2017ல ஜப்பான்ல க்யூஷு யுனிவர்சிட்டில கபேயும் அடாச்சியும் பண்ணது இன்னொண்ணு, ரெண்டே ரெண்டு ஆர்கானிக் பொருள கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஒளிர வச்சாங்க, ஸ்ட்ரான்ஷியம் மாதிரி சார்ஜ பிரிச்சு வச்சு மெல்ல சேர விடுற ஐடியா. ஆனா காத்துல வச்சா போச்சு. லூம் ப்ரோ, வாட்சுக்குள்ள நைட்ரஜன் அடைச்சா ஒருவேளை ஆகும்.

லூம்_பைத்தியம்

வாட்ச்காரங்ககிட்ட இத சொல்லிடாதீங்க, விலைய ஏத்திடுவானுங்க.

தோபாயோ_தேவி

ஒரு சந்தேகம். டாட்டு டாட்டுங்கிறீங்களே, 2023 நோபல் பரிசு வாங்குனாங்களே குவாண்டம் டாட்டுக்கு, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஈசூன்_எலெக்ட்ரான்

வேற டீச்சர். அந்த பரிசு பாவெண்டி, ப்ரூஸ், எகிமோவ் மூணு பேருக்கு, அது காட்மியம் செலினைடு மாதிரி செமிகண்டக்டர் துகள், சைஸ் மாத்துனா கலர் மாறும். கார்பன் டாட்டுல வெளிச்சம் பெரும்பாலும் மேற்பரப்புல ஒட்டிக்கிட்டு இருக்குற குரூப்புங்ககிட்டேருந்து வருது, சில சமயம் டாட்டே இல்லாம பக்கத்துல உருவான சின்ன மாலிக்யூல்கிட்டேருந்து. வாசு பண்ற சிட்ரிக் ஆசிட் எத்திலீன்டைஅமீன் ரூட்லயே அப்படி ஒரு நீல சாயம் உண்டாகுதுன்னு நல்லா நிரூபிச்சுருக்காங்க. டயாலிசிஸ் பையிலேருந்து வெளிய வந்த தண்ணிய கொட்டாம அதையும் பிவிஏல போட்டு அள வாசு. வெளிய வந்த தண்ணி பச்சையா நின்னா உன் ஹீரோ டாட்டு இல்ல.

செங்காங்_கெமிஸ்ட்

ஆமா ஆமா, இத நானே சொல்லணும்னு இருந்தேன். தூய்மை விஷயத்துல நம்ம ஊர்க்காரங்க ஒரு குண்டு போட்டாங்களே, என்யுஎஸ்ல பின் லியூ குழு, கார்பசோல்ங்கிற ஆர்கானிக் பொருளோட கதை. வாசு மாதிரி ஆளுங்க கட்டாயம் படிக்கணும்.

கார்பசோல வச்சு நீண்ட ஆயுள் பாஸ்பரசன்ஸ்னு பேப்பர் மேல பேப்பர் வந்துச்சு. ஏன் நிக்குதுன்னு படிக அடுக்கு, அந்த கூட்டு இந்த கூட்டுன்னு விளக்கம் வேற. எல்லாரும் கடைலேருந்து வாங்குற கார்பசோல்தான். இவங்க லேப்ல சொந்தமா, ரொம்ப சுத்தமா கார்பசோல் பண்ணி பாத்தா அந்த நீண்ட ஒளி கிட்டத்தட்ட காணோம்! ஃப்ளோரசன்ஸ் கூட 54 நானோமீட்டர் தள்ளி வருது. தோண்டி பாத்தா கடை சரக்குல அரை சதவீதத்துக்கும் கம்மியா ஒரு ஐசோமர் கலந்திருக்கு. அதே எடை, அணு எண்ணிக்கையும் அதே, அடுக்கு மட்டும் வேற, அதனால பிரிச்சு எடுக்குறதும் லேசு இல்ல. சுத்தமான கார்பசோல்லேருந்து பண்ண பத்து பொருள்லயும் பேப்பர்ல சொன்ன ஒளி வரல. 0.1 சதவீதம் அந்த ஐசோமர திரும்ப போட்டா வந்துடுச்சு. நேச்சர் மெட்டீரியல்ஸ்ல வந்துச்சு, இணையத்துல 2020ல, இதழ்ல 2021.

நான் அத படிச்சுட்டு ரெண்டு நாள் வேலையே ஓடல. எத்தனை பேரோட விளக்கம் ஒரே ராத்திரில ஆட்டம் கண்டுச்சு. ஆனா பின்னாடி யோசிச்சா அது கெட்ட சேதி இல்ல, அழுக்குன்னு நெனச்சதுதான் சார்ஜ பிடிச்சு வைக்குற குழியா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதால வேணும்னே கலந்து டிசைன் பண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு பொருளுக்குள்ள இன்னொண்ண துளி கலக்குற ஹோஸ்ட்டு கெஸ்ட்டுன்னு இப்ப ஓடுற வேலையில பாதிக்கு அது ஒரு வழி காமிச்சுது.

பழைய_போட்கீ

பாத்தியா, நான் சொன்னேன்ல கோல்மால்னு. எங்க ஃபேக்டரில வேஃபர்ல (சிப் செய்யுற தகடு) ஒரு துளி அழுக்குக்கு மொத்த லாட்டையும் தூக்கி போடுவாங்க. உங்க ஆளுங்க அழுக்க வச்சு பேப்பர் போட்டுருக்காங்க.

ஈசூன்_எலெக்ட்ரான்

அங்கிள், கோல்மால் இல்ல, யாரும் பொய் சொல்லல, அளந்தது நிஜமாவே ஒளிர்ந்துச்சு. காரணம்தான் வேற. கடை பாட்டில் மேல 98 சதவீதம்னு போட்டா மிச்ச ரெண்டுல என்ன இருக்குன்னு நாங்க யாருமே கேக்கல. உங்க வேஃபர் ஆளுங்க கேட்டுருப்பாங்க, அது உண்மை.

பழைய_போட்கீ

அத சொன்னா சரி.

மரீன்பரேட்_மணி

டார்ச் வந்துடுச்சு. அம்பது வெள்ளி நோட்டுல அடிச்சேன், சூப்பர். மைக்ரோவேவ் பக்கம் போகல அக்கா, பயப்படாதீங்க.

உட்லண்ட்ஸ்_வாசு

அப்டேட். டயாலிசிஸ்ல வெளிய வந்த தண்ணிய கொட்டாம வச்சிருந்தது நல்லதா போச்சு. ஃபிலிம் போட்டு காயவச்சு அடிச்சா டார்ச் எரியும்போது நீலம் பயங்கர பிரகாசம், அணைச்சா பச்சை இருக்கு ஆனா ரொம்ப கம்மி. பை உள்ள நின்னதுல நீலம் கம்மி, பச்சை நல்லா இருக்கு. அப்ப நீலத்துல பெரும்பங்கு அந்த சாயம், பச்சைல பெரும்பங்கு டாட்டுன்னு எடுத்துக்கலாமா? பாஸ் கேட்டுட்டு மொகத்த சுளிச்சாரு, ஏன்னா குவாண்டம் யீல்டு நம்பர் இப்ப கீழ போகும்.

சிலிக்கா முதல் பேட்ச் போட்டாச்சு. சூளைக்கு போறதுக்கு முன்னாடியே தண்ணில போட்டு டார்ச் அடிச்சேன், லேசா ஒரு கண் சிமிட்டல் இருக்கு, பிவிஏ தண்ணில கரைஞ்சே போயிடும் அத நெனச்சா இதுவே பெரிசு.

செங்காங்_கெமிஸ்ட்

எடுத்துக்கலாம், ஆனா ரெண்டையும் ஒரே செறிவுல போட்டு அளந்துட்டு எடுத்துக்கோ, நீலம் தூக்கலா இருக்குற ஃபிலிம்ல டார்ச்சோட யூவிய அந்த சாயமே உறிஞ்சிடவும் வாய்ப்பு இருக்கு. பாஸ் மொகம் சுளிச்சா சுளிக்கட்டும், இப்ப விழற நம்பர் ரெஃபரீகிட்ட விழறத விட மேல். சிலிக்காவ சூளைல ஏத்தும்போது காத்துல ஒண்ணு, நைட்ரஜன்ல ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சு போடு. எடுத்தப்புறம் ஒரு பாதிய டெசிக்கேட்டர்ல வை, இன்னொரு பாதிய ஈரத்துல. ஈரத்துக்கு பொட்டாசியம் சல்ஃபேட் உப்பு கரைசல் நிறைஞ்ச டப்பா போதும், 97 சதவீதம் கிட்ட நிக்கும், வாய்டு டெக் பூனைக்கெல்லாம் பயப்பட வேணாம்.

குறும்பு_கோப்பிஓ

பூனைய ஏன் அக்கா இழுக்குறீங்க, அது பாவம்.

உட்லண்ட்ஸ்_வாசு

உப்பு டப்பா நாளைக்கே ரெடி பண்றேன் அக்கா. நைட்ரஜன் ஃபர்னஸ் புக்கிங் அடுத்த வாரம்தான் கிடைச்சிருக்கு, எனக்கு முன்னாடி பேட்டரி குரூப் ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. வந்ததும் கர்வ் எல்லாம் இதே இழைல போடுறேன், ப்ளாங்க் கர்வும் சேத்து.